குழாய்ச் சத்தம்

"கேன்சர் இல்லை" என்று டாக்டரம்மா சொன்னதும் என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் அசையாமல் உட்கார்ந்து சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

"அப்பாடா!" என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் சொன்னேன்.

"ரத்தப் பரிசோதனை நல்லா இருக்கு. தொட்டுப் பார்த்ததிலயும் சந்தேகப்படுற மாதிரி எதுவும் இல்லை" என்றார் டாக்டரம்மா. "ப்ராஸ்டேட் வீங்கியிருக்கு, அவ்வளவுதான். உங்க வயசுல பாதிப் பேருக்கு இருக்கிறதுதான். வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர். கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு" என்றேன். கேட்டது அவரை, பதில் சொன்னது நான். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அந்த வழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் என்னிடம் மாட்டியது குழாய்ச் சத்தம். காலையில் ஐந்து மணிக்குக் குளியலறைக்குள் போவார், குழாயைத் திறந்து விடுவார். பத்து நிமிஷம் தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டும். "உள்ளே என்ன, யானையைக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கத்துவேன். பதில் வராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளித் திறந்தால், மனுஷர் சுவரில் ஒரு கையை ஊன்றி, நெற்றியை அந்தக் கையிலேயே சாய்த்து நின்றுகொண்டிருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் ஒன்றுக்கு வருமாம். வருவதோ சொட்டுச் சொட்டாக. "எத்தனை நாளா இப்படி?" என்றேன். "கொஞ்ச நாளா" என்றார். தோண்டித் துருவிக் கேட்டதில், கொஞ்ச நாள் என்பது எட்டு மாசம். அன்றைக்கு நான் போட்ட சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். ஒரு சின்ன அறைக்குள் புனல் வைத்த இயந்திரம் ஒன்று இருந்தது. அதில் போனால், எவ்வளவு வேகமாக வருகிறது என்று காகிதத்தில் கோடு போடும். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்த காகிதத்தில் கோடு தரையை விட்டு எழவே இல்லை.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒரு பை, அதிலிருந்து ஒரு குழாய், குழாயைச் சுற்றி ஓர் உருண்டை என்று வரைந்து காட்டினார். உருண்டை பெருத்தால் குழாயை நெருக்கும், அதுதான் விஷயம். பிறகு வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு கவனித்து வரலாம். ஆனால் இவருக்குப் போய்விட்டு வந்த பிறகும் நூற்று அறுபது மில்லி உள்ளேயே தங்குவதால் சும்மா விடுவதில் டாக்டரம்மாவுக்கு இஷ்டமில்லை. மாத்திரை என்றால் இரண்டு ரகம். ஒன்று பையின் கழுத்தைத் தளர்த்தும்; சில நாளிலேயே பலன் தெரியும், ஆனால் சிலருக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இன்னொன்று உருண்டையையே சுருக்கும். அதற்கு ஆறு மாசம் பொறுக்க வேண்டும், அந்தரங்க ஆசையும் கொஞ்சம் குறையலாம். கடைசியில் ஆபரேஷன். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே கருவியை விட்டு, அடைக்கிற சதையைச் செதுக்கி எடுப்பார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பிறகு ஆறு வாரம் உயரம் ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் விந்து வெளியே வராம உள்பக்கமா போயிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை" என்று எங்கள் மகள் வயசிருக்கும் அந்தப் பெண் சர்வ சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நான் கைப்பை ஜிப்பை மூன்று தடவை திறந்து மூடினேன்.

அவர் அன்றைக்குப் பேசியது ஒரே வாக்கியம். "தலை சுத்தினா என்னை மேல ஏற விட மாட்டாங்க."

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். இந்த ஊரில் இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் உயரமானதற்கு அவர்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு படி, செங்குத்தான இரும்பு ஏணி. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பையும் அவரோடு ஏறும். அந்தப் பையில் நான் வைக்காத பொருள் கிடையாது: மதியச் சாப்பாடு, பிஸ்கட், இரண்டு கைக்குட்டை, மூக்கு ஒழுகாமல் இருக்க ஒரு மாத்திரை, ஒன்றுக்குப் போக அகன்ற வாய் பாட்டில். இரண்டு கையும் இரண்டு லீவரில் இருக்கும்போது மூக்கு ஒழுகினால் துடைக்க மூன்றாவது கை இல்லை. ஒரு தும்மல் போட்டால் அந்தரத்தில் தொங்கும் இரும்புக் கட்டு ஊஞ்சலாடும். கீழே பத்துப் பேர் தலைக்கு மேல் அது.

பாட்டிலோடு அவர் நிற்க ஆரம்பித்தால் பத்து நிமிஷம் ஆகிவிடும். கீழே நின்று வாக்கி-டாக்கியில் வழி சொல்கிறவருக்கு எல்லாரும் வைத்த பெயர் விசில். "அண்ணே, கான்கிரீட் காயுது! என்ன பண்றீங்க மேல?" என்று விசில் கத்துவாராம். அதனால் இவர் விடிந்ததிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

தலை சுற்றும் மாத்திரை சாப்பிடுகிறவரை ஏணியில் கால் வைக்கவே விட மாட்டார்கள். ஆபரேஷன் என்றாலும் ஆறு வாரம் கீழேதான். ஐம்பத்தாறு வயசில் ஒரு தடவை இறங்கினால் இறங்கினதுதான். அந்த கேபினுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இவரை வாசல் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி, உள்ளே வரும் லாரி எண்களை எழுதச் சொல்வார்கள். இருபத்தொன்பது வருஷமாக வானத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷர் அவர்.

யோசித்து முடிவோடு அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார் டாக்டரம்மா. கையில் ஒரு படிவத்தையும் கொடுத்தார். மூன்று நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனார் என்று எழுத வேண்டும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் லேப் உதவியாளர். அமிலம், காரம், உப்பு என்று இருநூறு பாட்டில் என் பொறுப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்தான் லேபிள் எழுதி ஒட்டுகிறேன். "லேபிளைப் படிக்காம எதையும் தொட்டா கையை உடைச்சிடுவேன்" என்று தினமும் பிள்ளைகளிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன். அளவுக் குவளைக்கா எனக்குப் பஞ்சம்? மூக்கு உடைந்ததால் ஒதுக்கிவைத்த ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, 'இவருக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்தான். போன வருஷம் லேசரில் ஆபரேஷன் செய்துகொண்டவன். அன்றிலிருந்து ஊரில் உள்ள எல்லா ப்ராஸ்டேட்டுக்கும் அவன்தான் அதிகாரி.

"யோசிக்கவே யோசிக்காதீங்க அத்தான், நேரா லேசருக்குப் போயிடுங்க" என்றான். "முன்னாடி நின்ன இடத்துலயே நிப்பேன். இப்போ சுவத்துல என் பேரையே எழுதுவேன்."

"டேய், சாப்பிடுற இடத்துல என்ன பேச்சு?"

"நீ சும்மா இரு அக்கா. ஆம்பளைங்க கஷ்டம் உனக்கென்ன தெரியும்?"

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டது காதில் விழுந்தது. "அந்த... உள்பக்கமா போறதுன்னு சொன்னாங்களே. அது எப்படி?" வாய் ஓயாத என் தம்பி அதற்கு மட்டும் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னான். "பழகிடும் அத்தான்." நான் சொம்போடு சமையலறையிலேயே நின்றேன்.

அவன் போன பிறகு இவர் முடிவைச் சொன்னார். "ஒண்ணும் வேண்டாம். இப்படியே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "உள்ளேயே தேங்கித் தேங்கி கிட்னி போச்சுன்னா எந்த கேபின்ல போய் உக்காருவீங்க? உங்களுக்கு அந்த இரும்புக் கூண்டுதான் முக்கியம். நான் யாரு? கீழே நின்னு சாப்பாட்டுப் பை கட்டிக் கொடுக்கிறவ!" இன்னும் என்னென்னவோ பேசினேன். கடைசியில் எனக்கே தெரியாமல் அழுதுவிட்டேன். அவர் எழுந்துபோய், கழுவ வேண்டிய தட்டுகளை எல்லாம் கழுவினார்.

மறுநாள் காலை சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஆபரேஷனுக்காக ஆறு வாரம் விடுப்பு வேண்டும் என்று தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். "ஆபரேஷனே பண்ணிக்கிறேன். வியாழக்கிழமை டாக்டர்கிட்ட சொல்லிட்டு, அப்படியே ஆபீஸ்ல இதைக் கொடுத்துடறேன். நீ அழாதே."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனாலும் அன்றைக்கு லேப்பில் இரண்டு சோதனைக் குழாயை உடைத்தேன். லேப் ஜன்னலில் இருந்து பார்த்தால் தூரத்தில் அவர் கிரேனின் கை மட்டும் தெரியும். அது திரும்புவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிவத்தை அவர் எழுதிய அழகைச் சொல்ல வேண்டும். கிரேனில் ஒவ்வொரு லோடையும் எழுதிவைப்பார்கள்: மணி, என்ன பொருள், எவ்வளவு எடை, காற்று எப்படி, குறிப்பு. இவருக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். டாக்டரம்மா கொடுத்த படிவத்தில் இடம் போதாதென்று தானே கோடு போட்டு இரண்டு பத்தி கூட்டிக்கொண்டார். மேலே போனது, கீழே இறங்கியது, ஒன்று விடாமல் எழுதினார்.

வியாழக்கிழமை டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "'ஏழு இருபது. எழுபது மில்லி. காற்று வடக்கிலிருந்து, மிதம்.' சார், காத்து எந்தப் பக்கம்னு நான் கேக்கலையே!"

"எதையும் விடக்கூடாதுன்னு..." என்று இழுத்தார் இவர். சட்டைப் பையில் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார்.

டாக்டரம்மாவின் விரல் ஓர் இடத்தில் நின்றது. அடுத்த நாளுக்குப் போனது, அங்கேயும் நின்றது. மூன்றாம் நாளிலும் நின்றது. "'ஐந்து நாற்பது. மூ.மா. ஒன்று.' இது என்ன?"

"மூக்கு மாத்திரை" என்றார்.

"என்ன மாத்திரை? பேர் தெரியுமா?"

என் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை இருக்கும். எடுத்து மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. "இதை எவ்வளவு நாளா சாப்பிடுறீங்க?"

"போன குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து. தினமும் ஒண்ணு. எட்டு மாசம் இருக்கும்" என்றார் இவர்.

எட்டு மாசம். அவர் குழாயைத் திறந்துவிட்டு நிற்கத் தொடங்கியும் அதே எட்டு மாசம்தான்.

"மூக்கடைப்புக்கு நல்ல மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா. "மூக்குல ரத்தக் குழாயை இறுக்கி ஒழுகலை நிறுத்தும். ஆனா அங்கே மட்டும் இறுக்கிட்டு நிக்காது, சிறுநீர்ப் பையோட கழுத்தையும் சேர்த்து இறுக்கும். ஏற்கெனவே வீக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஆகவே ஆகாது. யார் கொடுத்தா?"

"நானேதான் கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். முப்பது வருஷத்தில் கேட்ட கேள்விக்கு அவர் இவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"பொய் டாக்டர்" என்றேன். "நான்தான் வாங்கினேன். நான்தான் தினமும் எடுத்துக் கொடுத்தேன். கிரேன்ல தூங்கிடக் கூடாதேன்னு, தூக்கம் வராத ரகமா பார்த்துப் பார்த்து வாங்கினேன். வேற மருந்து உண்டான்னு நீங்க கேட்டப்போ இல்லைன்னு சொன்னதும் நான்தான். ஜலதோஷ மாத்திரையை எல்லாம் யார் மருந்துன்னு நினைக்கிறாங்க?"

"யாருமே நினைக்கிறதில்லை. அதனாலதான் நாங்க ரெண்டு தடவை கேக்கணும். நான் ஒரு தடவைதான் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. "இப்போதைக்கு எந்த முடிவும் வேண்டாம். இதை இன்னைக்கே நிறுத்துங்க. மூக்குக்கு உப்புத் தண்ணி ஸ்பிரே தர்றேன், அது போதும். காலையில ஒழுங்கா தண்ணி குடிங்க. மூணு வாரம் கழிச்சு வாங்க. வீக்கம் எங்கேயும் போகாது, அது இருக்கத்தான் செய்யும். ஆனா கஷ்டத்துல எவ்வளவு வீக்கத்தால, எவ்வளவு மாத்திரையாலன்னு தெரிஞ்சுடும். நடுவுல சுத்தமா வராம அடைச்சுக்கிட்டா மட்டும் உடனே ஓடி வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'தூக்கம் வராதது'. அதைத்தான் எட்டு மாசமாகப் படித்திருக்கிறேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது: ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள், சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம். இருநூறு பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிற கை. எனக்கு என் கன்னத்திலேயே நாலு அறை வைக்க வேண்டும்போல் இருந்தது.

"என்னைத் திட்டுங்களேன்" என்றேன் அவரிடம்.

"எனக்கு அதெல்லாம் வராது. உன் டிபார்ட்மெண்ட் அது" என்றார்.

அதற்கு மேல் என்ன செய்வது, சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது.

அந்த மூன்று வாரமும் அவர் மூக்கு ஒழுகியது. கேபினின் காற்று வரும் இடுக்கை ரப்பர் பட்டை வைத்து அடைத்துக்கொண்டார். தும்மல் வந்தால் முன்கூட்டியே விசிலிடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. "தும்மல் வருது, லோடை நிறுத்துறேன்" என்று இவர் சொல்ல, "எல்லாரும் தள்ளுங்க, அண்ணன் தும்முறாரு!" என்று விசில் கீழே ஊரைக் கூட்டுவாராம். பாட்டிலோடு நிற்கும் நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நான் கேட்கவில்லை. கண் பட்டுவிடுமோ என்று பயம். காலையில் குழாய்ச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகத் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனோம். அதே சின்ன அறை, அதே புனல். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், தலையணை இல்லாமல். உள்ளே குழாய் ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது போல. அவர் அதை இறுக்கி மூடும் கீச்சொலி கேட்டது. சொட்டும் நின்றது.

பிறகு கேட்டது. நடுவில் ஒரு தயக்கம், திரும்பவும் தொடர்ந்தது. இருபது வயசுப் பையனுடையது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொட்டு இல்லை, ஓட்டம். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பதறிப்போய், "என்னம்மா, உள்ளே யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லைங்க. என் வீட்டுக்காரர் ஒண்ணுக்குப் போறாரு" என்றேன். அந்த அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

காகிதத்தில் கோடு மேடேறி இறங்கியிருந்தது. உள்ளே தங்கியது வெறும் நாற்பத்தைந்து மில்லி. டாக்டரம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "இப்போ உங்களுக்கு எல்லா வழியும் திறந்திருக்கு. அவசரமே இல்லை. கவனிச்சுக்கிட்டே இருக்கலாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. தொந்தரவு கூடினா மாத்திரை, அதுக்கும் மேல போனா ஆபரேஷன். நீங்க என்ன சொல்றீங்க சார்?"

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். "கவனிச்சுக்கிட்டே இருக்கேன் டாக்டர். இந்தக் கட்டடம் முடிய இன்னும் ஏழு மாடி இருக்கு. அடுத்த வருஷம் தேவைன்னா நானே இறங்கி வர்றேன். யாரும் இறக்கி விட வேண்டாம்." ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம். எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார். மடிப்பில் நைந்துபோயிருந்தது. கிழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வை. என்னைக்காவது வேணும். லேபிள் ஒட்டி வை."

"லேபிள்ல என்னன்னு எழுத?"

பஸ் வரும் திசையைப் பார்த்தார். கட்டடங்களுக்கு மேலே அவர் கிரேன் தெரிந்தது. அன்றைக்கு வேலைத்தளத்துக்கே லீவு என்பதால் அது சும்மா நின்றது.

"'இப்போ வேண்டாம்'னு எழுது" என்றார். "கொட்டை எழுத்துல."